பெட்டிக்குள் இருப்பதற்குப் படம் என்று பெயர் கிடையாது

ஓய்வு பெற்ற நாளில் எனக்கு ஒரு சால்வையும் ஒரு கேள்வியும் கிடைத்தன. சால்வையை என் மனைவி பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டாள். கேள்வி வெளியிலேயே திரிகிறது.

கேட்டவள் நிவேதா. கடலூரில் நான் கடைசியாக வேலை பார்த்த தியேட்டரில் சர்வரைப் பார்த்துக்கொள்ளும் பெண். சர்வர் என்றால் இட்லி வைப்பவர் இல்லை, அலமாரி மாதிரி ஒரு பெட்டி. இப்போதெல்லாம் அதற்குள்ளிருந்துதான் எல்லாம் வருகிறது. சால்வை போட்ட கையோடு என்னை நாலு வார்த்தை பேசச் சொன்னார்கள். மைக்கைக் கண்டால் எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். முன்வரிசையில் காலியாகக் கிடந்த ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் பார்த்து, "தாங்கள் வந்தமைக்கு நன்றி" என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டேன். எல்லோரும் கை தட்டினார்கள். இறங்கும்போதுதான் நிவேதா மடக்கினாள்.

"அண்ணே, நாங்க மூவிங்கறோம். மேலிடத்துல கண்டென்ட்ங்கறாங்க. நீங்க மட்டும்தான் படம்னு சொல்றீங்க. அதுவும் ஹார்ட் டிஸ்க் வந்து இறங்கறப்ப சொல்றதில்ல, ஸ்கிரீன்ல ஓடறப்பதான் சொல்றீங்க. இதுல ஏதாவது கணக்கு இருக்கா?"

இருக்கிறது. ஆனால் நின்றுகொண்டே சொல்லி முடிகிற கணக்கு இல்லை. சுரங்க நகரியத்து நண்பர்கள் நடத்தும் இந்தச் சிறு பத்திரிகையில் எழுதச் சொன்னதால் உட்கார்ந்து சொல்கிறேன்.

நம் ஊரில் படத்துக்குப் போகிறோம், படம் பார்க்கிறோம். படம் போட்டாச்சா என்று கேட்டுக்கொண்டே ஓடி வருகிறோம். படம் முடிந்தால் 'படம் விட்டாச்சு' என்கிறோம், பள்ளிக்கூடம் விடுவதைப் போல. அலட்டுகிறவனைப் பார்த்து 'ரொம்பப் படம் காட்டாத' என்கிறோம். சினிமா என்பது வேறு. வீட்டைவிட்டு ஓடுகிறவன் சினிமாவில் சேரத்தான் ஓடுவானே தவிர, படத்தில் சேர ஓட மாட்டான். 'எங்க வூட்ல சினிமான்னாலே ஆவாது' என்று சொல்லும் குடும்பத்தார், ஞாயிற்றுக்கிழமை மதியம் பிள்ளைகுட்டிகளோடு படத்துக்கு வந்து உட்கார்ந்திருப்பார்கள். திரைப்படம் என்ற சொல் போஸ்டரிலும் வானொலியிலும் சௌக்கியமாக இருந்தது. அதைச் சொல்லி டிக்கெட் கேட்ட ஒருவரையும் நான் பார்த்ததில்லை.

இதெல்லாம் மெஷின் ஓடும் கேபினுக்கு வெளியே. உள்ளே வந்துவிட்டால் பெட்டி, ரீல், பிலிம், பிரிண்ட். படம் என்ற சொல்லை மெஷின் ஓடாத நேரத்தில் வாயில் எடுக்கக்கூடாது. எடுத்தால் பஷீர் பாய் திரும்பிப் பார்ப்பார்.

பஷீர் பாய் எங்கள் தலைமை ஆபரேட்டர். நகரியத்துக்கு வெளியே வடலூர் போகும் ரோட்டில் இருந்தது எங்கள் தியேட்டர். இப்போது அது கல்யாண மண்டபம். நான் அங்கே வேலைக்குச் சேர்ந்தபோது சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலைக்கும் சொல்லிவைத்திருந்தேன். எது முதலில் வருகிறதோ அது என்று இருந்தேன், தியேட்டர் முந்திக்கொண்டது. முதல் சில மாதங்கள் ரீல் சுற்றினேன், மெஷின் விளக்குக்குக் கார்பன் குச்சி மாற்றினேன், திட்டு வாங்கினேன். பயிற்சிக்காலம் அவ்வளவுதான்.

பாய் ஒரு அழகன். அது அவருக்கும் தெரியும். கார்பன் புகையும் எண்ணெயும் மணக்கும் கேபினுக்குள் வெள்ளைச் சட்டையைக் கஞ்சி போட்டு, மடிப்புக் கலையாமல் உடுத்தி வருவார். மெஷினுக்கு எண்ணெய் விடும்போது கூட ஒரு சொட்டு அவர் மேல் பட்டதில்லை. பட்டதெல்லாம் என் மேல்தான். குரலை உயர்த்த மாட்டார். கோபம் வந்தால் இன்னும் மெதுவாகப் பேசுவார். மெஷின் சத்தத்தில் அது காதில் விழாது, அதனால் திட்டை வாங்க நாமே அவர் வாயருகே காதைக் கொண்டுபோக வேண்டும். என் பெயர் உலகநாதன். அவர் வைத்த பெயர் உதறல்.

பெயர்க் காரணம் சொல்கிறேன். அந்தக் காலத்தில் இரண்டு மெஷின்கள். ஒன்றில் ரீல் முடியும் நேரத்தில் மற்றதைத் துவக்க வேண்டும். திரையின் வலது மேல் மூலையில் ஒரு புள்ளி கண் சிமிட்டுகிற நேரம் தோன்றி மறையும். அதைக் கண்டதும் இரண்டாவது மெஷினின் மோட்டாரைப் போட வேண்டும். சில நொடிகளில் இன்னொரு புள்ளி. அப்போது இதை மூடி அதைத் திறக்க வேண்டும். கீழே இருப்பவர்களுக்கு எதுவும் நடந்ததே தெரியக்கூடாது. கதாநாயகி அழுவாளோ செத்துப்போவாளோ, எனக்கு அந்த மூலைதான். இரண்டாவது புள்ளி வருவதற்குள் உள்ளங்கை ஈரமாகிவிடும், முழங்கால் ஆடும். அதைப் பார்த்துவிட்டு பாய் சொன்னார்: "உதறலு, மெஷின் தானா சுத்தும். நீ எதுக்குச் சுத்தற?"

சேர்ந்த புதிதில் ஒருநாள், பிலிம் பெட்டி வந்து இறங்கியதும் "படம் வந்தாச்சு பாய்" என்றேன். என் பக்கம் திரும்பி மெதுவாகச் சொன்னார்.

"இதுல எங்க இருக்கு படம்? பிலிம் இருக்கு. எதிர்ல ஒருத்தன் குந்திக்கினு கண்ணால பாக்கறான் பாரு, அதுக்குப் பேருதான் படம். ஆள் இல்லாம ஓட்டுனா அது மெஷின் டெஸ்ட்டு."

நிவேதாவுக்கு என் பதில் இதுதான். ஆனால் பாய் சொன்னதன் அர்த்தம் எனக்கே அன்றைக்குப் புரியவில்லை. அது புரிந்தது அஞ்சலை என்ற பெண்ணால்.

அதற்கு முன் எங்கள் தியேட்டரின் ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். சாயங்கால ஆட்டத்துக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் நைட் ஷிப்டுக்காரர்கள். சாப்பாட்டுத் தூக்கோடு வந்து படம் பார்த்துவிட்டு, வாசலிலேயே ஷிப்ட் பஸ் ஏறிச் சுரங்கத்துக்குப் போவார்கள். நீளமான படம் என்றால் முடிவதற்குள் பஸ் வந்து ஹாரன் அடிக்கும். முடிவு தெரியாமல் எழுந்து போகிறவன் சும்மா போக மாட்டான், சீட் மெத்தையைக் கிழித்துவிட்டுப் போவான். அதனால் சாயங்கால ஆட்டத்தில் மட்டும் இரண்டாம் பாதியில் ஒரு பாட்டை எடுத்துவிடுவோம். அந்தப் பாட்டைத் தனியாக ஒரு சின்னச் சுருளில் வைத்திருப்போம். மதியமும் இரவும் அது ஓடும், சாயங்காலம் அலமாரியில் தூங்கும். கடைசி நாளில் பிலிம் சிமெண்ட் என்ற பசை போட்டுப் பழைய இடத்திலேயே ஒட்டி அனுப்பிவிடுவோம். ஷிப்டுக்காரர்களுக்கு இது தெரியும், அவர்கள் கேட்டுக்கொண்டதுதானே.

அந்த வாரம் ஓடிய படத்தில் எங்கள் பக்கத்திலேயே எடுத்த ஒரு பாட்டு இருந்தது. சுரங்கத்திலிருந்து வாரிக் கொட்டிய மண்மேட்டில் எடுத்தது. பின்னால் நிற்கச் சுற்று வட்டாரத்து ஆட்களைப் பிடித்து நிறுத்தியிருந்தார்கள். எங்கள் நேரம், இரண்டாம் பாதியில் நீளமான பாட்டு அதுதான். சாயங்கால ஆட்டத்திலிருந்து அதைத்தான் எடுத்துவிட்டோம்.

புதன்கிழமை சாயங்கால ஆட்டம் விட்டு, கூட்டம் கலைந்த பிறகும் கேபின் படிக்கட்டுக்குக் கீழே ஒரு பெண் நின்றிருந்தாள். சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு, போகிறவர்களையெல்லாம் பார்த்துக்கொண்டு.

"என்னம்மா?" என்றேன்.

"எங்க வூட்டுக்காரரக் காணலைங்க."

போன வருடம்தான் தூங்கிப்போன ஒருவரை உள்ளேயே வைத்துப் பூட்டிவிட்டு வந்திருந்தோம். ஓடினேன். பால்கனி பார்த்தேன். கழிவறையில் ஒவ்வொரு கதவாகத் தட்டி "உள்ள யாரு?" என்றேன். ஒரு கதவுக்குள்ளிருந்து "இங்கயும் டிக்கெட் கேப்பியாய்யா?" என்று பதில் வந்தது. திரைக்குப் பின்னால்கூடப் போய்ப் பார்த்தேன். அங்கே ஒரு பூனை இருந்தது. மூச்சு வாங்கத் திரும்பி வந்து, "அடையாளம் சொல்லும்மா, என்ன சட்டை?" என்றேன்.

"ஊதாச் சட்டைன்னாங்க. நான் பாக்கலைங்களே. பாட்டுல வருவாருன்னாங்க, வரலையே."

அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. அவள் பெயர் அஞ்சலை, ஊர் முத்தாண்டிக்குப்பம். புருஷன் கலியன் சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலை பார்த்தவன். அந்தப் பாட்டு எடுத்தபோது கூட்டத்தில் நின்றிருக்கிறான். வீட்டில் சொல்லவே இல்லை, வெட்கமாம். பிறகு மஞ்சள் காமாலையில் போய்விட்டான். படம் வந்தது அதற்கு அப்புறம். பண்ருட்டியில் பார்த்துவிட்டு வந்தவர்கள் ஊரெல்லாம் சொல்லியிருக்கிறார்கள், கலியன் ஆடுறான் என்று.

"அவரு ஆடவே மாட்டாருங்க. எங்க கல்யாணத்துல பங்காளிங்க இழுத்துக் கூப்டப்பகூட ஆடல, பந்தல் காலப் புடிச்சிக்கினு நின்னுட்டாரு. ஆடுறாருன்னா நம்புற மாதிரியா இருக்குது? பாத்தாதாங்க நம்புவேன்."

"மதியம் வாம்மா. அந்தப் பாட்டு மதியம் ஓடும்."

"பகல்ல முந்திரி உடைக்கப் போறங்க. ஒரு நாள் விட்டா வேற ஆள வச்சிடுவாங்க."

ராத்திரி ஆட்டத்துக்கு வந்தால் திரும்ப பஸ் இல்லை. அவளுக்குச் சாயங்காலம் மட்டும்தான். மறுநாள் வியாழன், படத்துக்குக் கடைசி நாள். வெள்ளிக்கிழமை காலையில் பெட்டி போய்விடும். பண்ருட்டியிலும் ஓட்டம் முடிந்து எடுத்தாயிற்று. இனி இந்தப் பக்கம் வருமா, வந்தால் எப்போது என்று யாருக்கும் தெரியாது.

"நாளைக்கும் வரங்க. நாளைக்காவது வருவாருங்களா?" என்றாள்.

எனக்கு ஒரு வியாதி உண்டு. பயம் வந்தால் வாக்குக் கொடுத்துவிடுவேன். "வருவாரும்மா" என்று சொல்லிவிட்டேன்.

வியாழக்கிழமை காலையிலிருந்து பாயைச் சுற்றிச் சுற்றி வந்தேன். கடைசியில் விஷயத்தைச் சொன்னேன். முழுக்கக் கேட்டார்.

"பாட்டப் போட்டா ஷிப்டுக்காரனுக்கு முடிவு போவும். அவனும் காசு குடுத்துதான் குந்தியிருக்கான்."

"இடைவேளையில போடலாம் பாய். கடை விளம்பர ஸ்லைடுக்குப் பதிலா. நேரம் கூடாது."

"கதைல அந்தப் பாட்டு எங்க வருது?"

"ரெண்டு பேரும் சண்டை தீந்து சேர்ந்த பின்னாடி."

"இடைவேளையில?"

"அப்பதான் பாய் அடிச்சிக்கினு பிரியறாங்க."

பாய் சட்டை மடிப்பை நீவினார். பிறகு கடிகாரத்தைப் பார்த்தார். "இடைவேளை நேரத்துல நான் பக்கத்து ரூம்ல தொழுகையில இருப்பேன். கேபின் உன் பொறுப்பு" என்றார். சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அவரிடம் அனுமதி என்பது அப்படித்தான் வரும்.

சாயங்காலம் கேபின் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பெண்கள் பக்கம் முன்வரிசையில் அஞ்சலை. தலை நிறையப் பூ இல்லை, நகை இல்லை, ஆனால் சேலை மட்டும் பெட்டிமடிப்போடு இருந்தது. யாரையோ பார்க்கப் போகும்போது கட்டுகிற சேலை.

இடைவேளை வந்தது. பாய் தொப்பியை எடுத்துக்கொண்டு பக்கத்து அறைக்குப் போனார். நான் அலமாரியிலிருந்து சின்னச் சுருளை எடுத்தேன், மெஷினில் ஏற்றினேன், ஹால் விளக்கை அணைத்தேன், மெஷினின் ஆர்க் விளக்கைப் போட்டேன், ஷட்டரைத் திறந்தேன். எல்லாவற்றையும் வரிசையாகச் செய்துவிட்டேன் என்று பெருமையோடு ஜன்னலில் எட்டிப் பார்த்தேன்.

திரையில் கதாநாயகனும் கதாநாயகியும் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தார்கள். மண்மேடு வானத்தில் இருந்தது. கூட்டம் வௌவால்களைப் போல ஆடியது, அதுவும் பின்னோக்கி. பாட்டோ, பாடுகிறவர் பாடியதையெல்லாம் திரும்ப விழுங்குகிற மாதிரி கேட்டது. மதிய ஆட்டம் முடிந்த பிறகு அந்தச் சுருளை நான் ரீவைண்ட் செய்யவே இல்லை. வால் முன்னால் இருந்தது. பச்சைப் பிள்ளைகூடச் செய்யாத பிழை, ஆபரேட்டர் மட்டுமே செய்யக்கூடிய பிழை.

விசில் கூரையைத் தூக்கியது. "யோவ் ஆபரேட்டரு, கழுத்து வலிக்குதுய்யா" என்று ஒரு குரல். "நாமதான் தலைகீழா குந்தணும் போல" என்று இன்னொன்று. கேபின் கதவை மேனேஜர் இடித்தார். நான் செய்த ஒரே காரியம், மெஷினைக் கட்டிப் பிடித்துக்கொண்டதுதான். ஏன் என்று இன்றுவரை தெரியவில்லை. ஓடிவிடும் என்று நினைத்தேனோ என்னவோ.

பாய் தலையில் தொப்பியோடு பக்கத்து அறையிலிருந்து உட்கதவு வழியாக வந்தார். என் விரல்களை மெஷினிலிருந்து ஒவ்வொன்றாகப் பிரித்தார். காதருகே வந்து, "ஹால்ல லைட்டப் போட்டுடாத. போட்டா எழுந்து போயிடுவாங்க" என்றார். சுருளைக் கழற்றி ரீவைண்டரில் மாட்டி, கையால் சுற்ற ஆரம்பித்தார். அந்த வேகத்தில் அவர் எதையும் செய்து நான் பார்த்ததில்லை. கஞ்சி போட்ட சட்டையில் எண்ணெய் தெறித்தது. அவர் குனிந்துகூடப் பார்க்கவில்லை. இருட்டில் விசில் ஓயவில்லை, ஆனால் ஒருவரும் எழவும் இல்லை.

இரண்டாம் முறை திரையில் எல்லோரும் காலில் நின்றார்கள்.

முதலில் யாரோ "டேய், நம்ம மண்ணுமேடுடா" என்றார். அப்புறம் விசில் நின்றது. ஷிப்டுக்காரர்களில் பலர் அந்தப் பாட்டைப் பார்த்ததே இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவர்கள் எப்போதும் சாயங்கால ஆட்டம்தான். அவர்கள் மண்ணை வாரிக் கொட்டிய மேடு, அவர்கள் ஆட்கள், அவர்களுக்காகவே நாங்கள் எடுத்து ஒளித்துவைத்த பாட்டு. "அதோ நம்ம கேங்கு மேஸ்திரி, வயித்த உள்ள இழுக்கறாரு பாரு." "உன் மச்சான்டா, கண்ணாடி போட்டுக்கினு." பிறகு ஒரு குரல், கொஞ்சம் மெதுவாக: "கலியன்டா. ஊதாச் சட்டை."

நான் அந்த மூலைப் புள்ளியைப் பார்க்கவில்லை, முதன்முறையாக நடுத்திரையைப் பார்த்தேன். ஊதாச் சட்டைக்காரன் கூட்டத்தின் ஓரத்தில் நின்றிருந்தான். எல்லோரும் கைதட்டிக்கொண்டிருக்கும்போது திடீரென்று ஒற்றைக் காலைத் தூக்கிக் குதித்தான், மறுகாலிலும் குதித்தான், துண்டை உதறினான், பக்கத்தில் இருப்பவனைப் பார்த்துச் சிரித்தான். அதற்குள் கதாநாயகி வந்து மறைத்துவிட்டாள்.

பாட்டு முடிந்ததும் சத்தம் எழுந்தது. "இன்னொரு வாட்டி போடு பாய்."

பாய் ஜன்னலில் முகத்தை வைத்துச் சொன்னார், அவர் குரல் உயர்ந்து நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்: "போட்டா உங்களுக்கு முடிவு கெடைக்காது. பஸ்சு நிக்காது."

"முடிவு இன்னா பாய் முடிவு. ஹீரோதான் ஜெயிப்பான். போடு."

மறுபடியும் சுற்றினோம், மறுபடியும் போட்டோம். மேனேஜர் கதவை இடிப்பதை விட்டுவிட்டுப் பால்கனிப் படியிலேயே உட்கார்ந்து பார்த்தார். அவருடைய மைத்துனரும் அந்தக் கூட்டத்தில் இருந்தாராம்.

அன்றைக்கு ஹாரன் அடித்தபோது திரையில் கதாநாயகன் கட்டிப்போடப்பட்டிருந்தான். ஷிப்டுக்காரர்கள் அவனை அப்படியே விட்டுவிட்டுத் தூக்கோடு எழுந்து போனார்கள். ஒரு சீட்டும் கிழியவில்லை. போகிற போக்கில் ஒருவர் கேபினைப் பார்த்துக் கைகாட்டி, "படம் நல்லா இருந்துது பாய்" என்றார். பாதிப் படம் பார்த்த மனுஷன். எதிரில் உட்கார்ந்து பார்க்கிறவன் எதைப் படம் என்று கொள்கிறானோ அதுதான் படம், பிலிமின் நீளம் இல்லை என்பது என் மண்டையில் ஏறியது அந்த நிமிடம்தான். நான் பிழைத்த பிழைப்பு முழுவதற்கும் அந்தக் கைகாட்டலே போதும் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். பாய்க்கும் அந்த ஷிப்டுக்காரர்களுக்கும் நான் பட்ட கடன் சால்வையில் அடங்காது.

ஆட்டம் விட்டபோது அஞ்சலை படிக்கட்டின் கீழே நின்றிருந்தாள். பாயும் நானும் இறங்கினோம். எனக்கு மறுபடி உதறல். அழுவாள், அழுதால் நானும் அழுவேன், பாய் பார்ப்பார். ஆனால் அவள் வாயைத் தலைப்பால் மூடிக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள்.

"அவரு ஆடலைங்க" என்றாள். "கால்ல எறும்பு ஏறியிருக்குது. கடிச்சா அப்படித்தாங்க, இந்தக் கால் ஒருவாட்டி, அந்தக் கால் ஒருவாட்டி குதிப்பாரு. முதல்வாட்டி எனக்கும் சந்தேகமாதான் இருந்துது. ரெண்டாவது வாட்டி நல்லாப் பாத்துட்டன். ஊர்க்காரங்களுக்கு இன்னா தெரியும், ஆடுறாராம்."

பாய் அவளையே பார்த்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து, பிலிம் வெட்டும் சின்னக் கத்திரியை எடுத்தார். ஒட்டுப் போடும்போது ஒரு கட்டம் வீணானாலும் என்னை உண்டு இல்லை என்று ஆக்குகிறவர் அவர்.

"அம்மா, உன் வூட்டுக்காரர் வர்ற எடத்துல கொஞ்சம் வெட்டித் தரேன். வெளிச்சத்துல வச்சுப் பாத்தா நல்லாத் தெரிவாரு. ஒட்டும்போது ஒண்ணு ரெண்டு போறதுதான், யாரும் கேக்க மாட்டாங்க."

அவள் கத்திரியைப் பார்த்தாள். ரோட்டில் முத்தாண்டிக்குப்பம் பஸ் திரும்பும் வெளிச்சம் தெரிந்தது. தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"வேணாங்கய்யா" என்றாள். "அதுல குதிக்க மாட்டாருங்களே."